மாமாவுக்கு நான் கொடுத்த ஞானஸ்நானம்

எட்டு வயதில் நான் ஒருவரை நரகத்திலிருந்து காப்பாற்றினேன். காப்பாற்றப்பட்டவர் என் தாய்மாமா. காப்பாற்றப்படுகிற நேரத்தில் அவர் வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது சிரித்துக்கொண்டே எழுத முடிகிறது. அன்று எனக்கு அது விளையாட்டாக இல்லை. அந்தக் கோடையில் சோறு தொண்டையில் இறங்கவில்லை. கூடை கூடையாகச் சப்பட்டை மாம்பழம் வந்து இறங்குகிற காலத்தில் அதை வேண்டாம் என்று சொன்ன பிள்ளையைத் தெருவில் எல்லாரும் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள்.

எங்கள் வீடு ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலைக்குப் பின்னால் இருந்தது. காற்றடித்தால் பஞ்சுத் துகள் ஜன்னல் வழியாக உள்ளே வரும். வந்தது கீழே இறங்க மனமில்லாமல் வெயில் விழுகிற இடத்தில் மிதந்துகொண்டே இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தால் தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்றே தெரியாது. அப்பா அந்த ஆலையில்தான் வேலை பார்த்தார். ஷிப்டு முடிந்து தலை நரைத்தவராக வருவார், குளித்ததும் வாலிபராகிவிடுவார். பரம்பரைக் கத்தோலிக்கர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாமல் போவார், பிரசங்கத்தில் தவறாமல் தூங்குவார்.

அம்மா ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. கல்யாணத்துக்கு முந்தின நாள் தலையில் தண்ணீர் வாங்கிக் கிறிஸ்தவளானவள். அதனாலோ என்னவோ, அப்பா தூங்குகிற பிரசங்கத்தை அவள் ஒரு வார்த்தை விடாமல் கேட்பாள். அவள் பிறந்த வீட்டில் மற்றவர்கள் எல்லாம் இருந்தபடியே இருந்தார்கள். தாத்தா போன பிறகு அந்த வீட்டில் மிஞ்சியது மாமா ஒருவர்தான். கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஏன் என்று கேட்டால், "எவ வருவா தாயி, எம்மேல பால் வாடை அடிக்கே" என்பார்.

மாமா பால்கோவா கிண்டுகிறவர். வேறொருவர் கடைக்கு. ஒரு லீவில் அவர் வேலை செய்கிற இடத்துக்கு அம்மா என்னைக் கூட்டிப்போனாள். நீளமான ஓட்டுக் கொட்டகை, சுவரெல்லாம் கரி. வரிசையாக அடுப்புகள், ஒவ்வொன்றின் வாயிலும் தீ. வெற்றுடம்போடு ஆட்கள் நின்று பெரிய பெரிய சட்டிகளில் பாலைக் கிண்டிக்கொண்டே இருந்தார்கள். மாமாவின் முதுகில் வியர்வை ஓடியது. அவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்து, ஒரு துண்டு இலையில் சூடாகக் கொஞ்சம் வைத்துக் கொடுத்தார். அந்த ருசியை விடுங்கள், அதைச் சொல்லி முடியாது. அந்தத் தீதான் பிறகு எனக்கு வினையாக முடிந்தது.

பூசை முடிந்ததும் மாதா கோயில் வராந்தாவில் பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பு நடக்கும். நடத்தியவர் உபதேசியார். புதுப் பாடப் புத்தகம் வந்து பல வருஷமாகியும் தான் படித்த பழைய பாடத்தையே நடத்திக்கொண்டிருந்தவர். மூக்குப்பொடி போட்டால் மட்டும் குரலில் கருணை வரும். அவரிடம் ஒரு படம் இருந்தது. சுருட்டி வைத்திருப்பார், நரகப் பாடத்தன்று சுவரில் மாட்டுவார். சிவப்பும் கறுப்புமாக ஒரு குகை. வரிசையாகத் தீ. வெற்றுடம்போடு ஆட்கள்.

எனக்கு அந்த இடம் ஏற்கெனவே தெரியும் என்று தோன்றியது.

"ஞானஸ்நானம்ங்கிறது வாசப்படி. வாசப்படி ஏறாம மோட்சத்துக்குள்ள எப்படிப் போக?" என்றார் உபதேசியார்.

நான் எழுந்து நின்றேன். "எங்க மாமா நல்லவரு. அவரு போவாரா?"

"ஞானஸ்நானம் வாங்கிருக்காரா?"

"இல்ல."

உபதேசியார் பொடி மட்டையை எடுத்தார். நிதானமாக இரண்டு பக்கமும் போட்டுக்கொண்டார். "ஆண்டவரோட எரக்கம் கடல் மாதிரி பெருசு பாப்பா," என்றவர், விரலில் ஒட்டிய பொடியைத் தட்டிவிட்டு, "ஆனா பாடத்துல இருக்கது இதுதான்," என்று படத்தைச் சுருட்டினார்.

கடலை நான் பார்த்ததில்லை. எங்களுக்குத் தெரிந்தது கண்மாய். அதிலும் பாதி வருஷம் ஆடு மேயும்.

வீட்டில் வந்து அழுதேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "இதுக்கா அழுதே? ஒங்க மாமா நரகத்துக்குப் போனா அங்க உள்ளவனுக்கும் நல்ல பால்கோவா கெடைச்சுட்டுப் போகுது. அடுப்பு அங்க தயாராவே இருக்கு," என்றார். மச்சினனைக் கேலி பண்ணுவது அவருக்குச் சோற்றுக்கு ஊறுகாய். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. குழம்புக் கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கனவு. ஓட்டுக் கொட்டகை, அடுப்பு வரிசை. மாமா கிண்டிக்கொண்டிருக்கிறார். பால் வற்றவே மாட்டேன் என்கிறது. கிண்டிக் கிண்டி அவர் கை தேய்ந்துகொண்டே போகிறது. ஆனாலும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் கதறியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

இரண்டு வாரம் கழித்து உபதேசியாரே வழி காட்டினார். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் பூசை வைக்கிற சாமியார் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது அன்றைய பாடம். "நீங்களும் குடுக்கலாம்," என்றார். எங்களை இரண்டு இரண்டு பேராக நிற்கவைத்து, வெறும் தம்ளரைச் சாய்த்து, வார்த்தைகளைச் சொல்லிப் பழக்கினார். ஓர் எழுத்து பிசகாமல் சொன்னது நான்தான். பரிசாக ஒரு மாதா படம் கொடுத்தார்.

அந்தச் சித்திரையில் மாமாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ரோட்டில் சைக்கிளைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். ராஜபாளையத்தில் ஒரு டாக்டரிடம் காட்டி, தனி ஆளாக இருக்கிறவரை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்ப வேண்டாம் என்று அம்மா எங்கள் வீட்டிலேயே படுக்கவைத்துக்கொண்டாள். சமையலறையில் அப்பா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது.

"இன்னொரு தரம் வந்தா தாங்காதுன்னு சொல்லுதாரு டாக்டர்."

அப்பாவின் குரலில் அன்று கேலியே இல்லை. அதுதான் எனக்கு நேரம் வந்துவிட்டதைச் சொன்னது.

அந்த மத்தியானத்தை நினைத்தால், தண்ணீருக்கு அடியிலிருந்து பார்த்ததுபோலத்தான் நினைவில் இருக்கிறது. அப்பா ஷிப்டுக்குப் போயிருந்தார். மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று அம்மா டின்னைத் தூக்கிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். தெருவில் ஒரு சத்தம் இல்லை. வெயிலில் மலை வெளுத்துப்போய் ஆகாயத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மாமா வாசலுக்குத் தலை வைத்துப் பாயில் தூங்கினார். பஞ்சுத் துகள் அவருக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்து, ஒன்று மட்டும் புருவத்தில் உட்கார்ந்தது. நான் பானையில் தம்ளரை முக்கி எடுத்தேன். கை வழியாகக் குளிர்ச்சி தோள்வரை ஏறியது.

பெயர் வைக்க வேண்டுமே, அதை முன்பே யோசித்து வைத்திருந்தேன். அந்தோணி. தொலைந்ததைத் தேடிக் கொடுக்கிற புனிதர். வாரத்துக்கு ஒரு முறை சைக்கிள் சாவியைத் தொலைக்கிறவருக்கு வேறு எந்தப் பெயர் பொருந்தும்?

மண்டியிட்டேன். "அந்தோணி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்." மாமாவை 'நீ' என்று சொல்கிறோமே என்று ஒரு கணம் நாக்கு கூசியது. ஆனாலும் மாற்றவில்லை. தண்ணீர் அவர் நெற்றியில் விழுந்து, நடுமண்டை வழியாக ஓடி, தலையணையில் இறங்கியது.

மாமா ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"என்ன தாயி, மழையா?"

"ஆமா மாமா."

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. "பெய்யட்டும், பெய்யட்டும்," என்று சொல்லி, ஒருக்களித்துப் படுத்து, விட்ட இடத்திலிருந்து குறட்டையைத் தொடர்ந்தார். தேவதிரவிய அனுமானம் என்று உபதேசியார் சொல்கிற திருச்சடங்கு ஒன்றை நிறைவேற்றிய வாயின் ஈரம் காயும் முன்னே பொய் சொல்லிவிட்டோமே என்று எனக்கு உறுத்தியது. ஆனால் மனசு பறந்துகொண்டிருந்தது. மாமா இனி எந்த அடுப்புக்கும் போக வேண்டாம்.

சாயங்காலம் அவர் எழுந்து, முகம் கழுவி, சட்டைப் பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு "முருகா" என்று கொட்டாவி விட்டதும், கொடுத்தது அழிந்துவிடுமோ என்று நான் வெலவெலத்துப்போனதும் தனிக் கதை. மாமா அதற்கப்புறமும் பல வருஷம் திடமாக இருந்தார். தினமும் முருகனைக் கும்பிட்ட அந்தோணி உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். அந்த மத்தியானம் அவர் எழுவதற்கு முன்பே அம்மா வந்துவிட்டாள்.

டின்னை இறக்கி வைத்தவள் தலையணையைப் பார்த்தாள். தம்ளரைப் பார்த்தாள். என் கையைப் பிடித்துப் பின்பக்கம், துவைக்கிற கல்லுக்கு இழுத்துப் போனாள்.

"தலகாணி எப்படி நனைஞ்சுச்சு?"

சொன்னேன். அடி விழும் என்று தோளைச் சுருக்கிக்கொண்டேன். அம்மா திரும்பி வாசலைப் பார்த்துவிட்டு, என் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்தாள்.

"வார்த்தையெல்லாம் விடாமச் சொன்னியாட்டி?"

"சொன்னேன்."

"இப்பச் சொல்லு பாப்போம்."

சொன்னேன். அவள் உதடும் கூடவே அசைந்தது.

"தண்ணி தோல்ல பட்டுச்சா? முடியோட வழிஞ்சு போயிருச்சா?"

"மாமாவுக்குத்தான் நடுமண்டையில முடியே இல்லையே."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொண்டாள். "அப்பாட்டச் சொல்லாத, கேலி பண்ணியே கொன்னுருவாரு. மாமாட்டயும் மூச்சு விட்டுராத," என்றாள்.

அத்தோடு எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். எழவில்லை. அவள் கையில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. கல்லில் காய்ந்திருந்த சோப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

"ஏட்டி, தண்ணிக்குப் பதிலா பாலா இருந்தா?"

எனக்குப் புரியவில்லை. அம்மா சுரண்டுவதை நிறுத்தாமல், என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஒங்க தாத்தாவுக்கு உசுரு போற நேரத்துல ஆளுக்கு ஒரு சொட்டுப் பால் ஊத்துனோம். எங்க வீட்டு வழக்கம் அது. எம் மொற வந்தப்ப வாயில கொஞ்சம் ஊத்திட்டு நெத்தியில ரெண்டு சொட்டு விட்டேன். கை நடுங்கிருச்சுன்னு எல்லாரும் நெனச்சாக. விடும்போது அந்த வார்த்தைய மனசுக்குள்ள சொன்னேன். வாய்விட்டுச் சொல்ல முடியுமா, சுத்தி அம்புட்டுப் பேரு நிக்கிறாக." சுரண்டுவதை நிறுத்தினாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அது செல்லுமாட்டி?"

இரண்டாவது முறை யோசிக்க வேண்டிய கேள்வியே அல்ல எனக்கு. வகுப்பில் உபதேசியார் மூன்று முறை சொல்லவைத்த பதில். முதுகை நிமிர்த்தி, கையைக் கட்டிக்கொண்டு, அவர் குரலிலேயே சொன்னேன்.

"செல்லாதும்மா. தண்ணிதான் ஊத்தணும். வாய்விட்டுச் சொல்லணும். ரெண்டுல ஒண்ணு இல்லாட்டியும் செல்லாது."

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை. "சரியாத்தான் படிச்சிருக்க," என்றாள். என் தலையைத் தடவிவிட்டாள். உள்ளே போய் மாமாவின் தலையை மெதுவாகத் தூக்கி, ஈரத் தலையணையை உருவிக்கொண்டு வந்து, கொடியில் போட்டு, அதைத் தட்டித் தட்டிச் சரி செய்துகொண்டு வெகுநேரம் எனக்கு முதுகு காட்டி நின்றாள்.

சாமியாரிடம் கேட்டால் என்ன சொல்லிவிடுவாரோ என்று பயந்து, அப்பாவிடம் கேட்டால் சிரித்துவிடுவாரோ என்று பயந்து, தாத்தா செத்த நாளிலிருந்து தனக்குள்ளேயே வைத்துப் பொத்திக்கொண்டிருந்ததை அவள் அன்று என்னிடம் கேட்டாள். பிள்ளை வாயால் 'செல்லும்' என்று ஒரு சொல் வந்துவிட்டால் போதும் என்றுதான் அவ்வளவு தூரம் கீழே குந்தி உட்கார்ந்திருந்தாள். இதெல்லாம் எனக்கு அன்று தெரியவில்லை. முழு மார்க்கு வாங்கிய சந்தோஷத்தில், அந்தக் கோடையில் முதன்முதலாக ஒரு மாம்பழத்தை எடுத்துக் கடித்துக்கொண்டு, தெருவுக்கு விளையாட ஓடினேன்.