சிவப்பு முதலில்

சனிக்கிழமை மதியம் இஸ்திரி போடுவது என் வேலை. சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியில் போர்வையை மடித்து விரித்துக்கொள்வேன். மறுபாதி என் கணவன் ஸெனோனுடையது. என் பக்கத்து நீராவி அவன் பக்கம் போகக் கூடாது, அவன் பக்கத்துப் பசை என் பக்கம் வரக் கூடாது என்று முப்பத்துநாலு வருட ஒப்பந்தம். இரண்டும் நடக்கும்.

அந்த அக்டோபர் சனிக்கிழமை அவன் பக்கத்தில் ஒரு விமானம் நின்றது. ஒரு சாண் அகலம். போருக்கு முன்னால் எங்கள் நாட்டில் கட்டிய போர் விமானத்தின் சிறு உருவம். கடற்பறவை சிறகை விரிக்கும்போது தோளில் மடங்கி எழுமே, அதே மாதிரி இறக்கை. மேலே காக்கி கலந்த பச்சை, அடியில் வெளிர்நீலம். வாலைத் தவிர எல்லாம் முடிந்துவிட்டது. வாலில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு, எங்கள் விமானப் படைச் சின்னம் வர வேண்டிய ஓர் இடம் மூன்று வாரமாக வெறுமையாகவே இருந்தது.

"நாலே நாலு சதுரம்," என்றேன். "ரெண்டு செவப்பு, ரெண்டு வெள்ளை. இந்நேரத்துக்கு நான் கேக் மேலயே வரைஞ்சிருப்பேன்."

"வரைஞ்சிருப்ப. எது முதல்லன்னு கேட்டா முழிப்ப."

"எது முதல்ல இருந்தா யாருக்கு என்ன?"

 அவன் கையில் ஒரு பழைய புகைப்படம், கண்ணில் பூதக்கண்ணாடி.

ஸெனோன் பல் கட்டுபவன். மருத்துவர் இல்லை. மருத்துவர் அச்செடுத்து அனுப்பினால் அதற்கேற்ற பல்செட்டைச் செய்து தருகிற ஆள். எங்கள் தோருன் நகரத்தில் அறுபது தாண்டியவர்களில் பாதிப் பேர் அவன் செய்த பல்லால்தான் ரொட்டி கடிக்கிறார்கள் என்று சொன்னால் மிகை. கால்வாசி என்றால் சரியாக இருக்கும். தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் முகத்தைப் பார்க்க மாட்டான், வாயைப் பார்ப்பான். பெயர் மறந்துவிடும், கடைவாய்ப்பல் மறக்காது. பின்னறை அலமாரியில் முப்பது வருடத்து பிளாஸ்டர் தாடைகள் எண் போட்ட பெட்டிகளில் அடுக்கியிருக்கும். தூக்கிப் போடச் சொன்னால், "அவங்க இன்னும் உயிரோட இருக்காங்களே," என்பான்.

பல் சீவும் ஊசியாலேயே விமானமும் செய்வான். பல்லுக்கான மெழுகு, பல்லுக்கான சின்ன அரம், எல்லாம் இரண்டு வேலைக்கும் பொது. ஒருமுறை கண்காட்சிக்குக் கிளம்பி, கோட்டுப் பொத்தான் வரைக்கும் போட்டுவிட்டான். வாசலில் நின்று பெட்டிக்குள் கடைசியாக ஒரு பார்வை பார்த்தான். இறக்கையின் மேலே இருந்த இரண்டு சதுரச் சின்னங்களும் உடம்பிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தன. போருக்கு முந்தைய விமானங்களில் அப்படி இருக்காது. மேலிருந்து குறிபார்க்கும் எதிரியை ஏமாற்ற ஒன்று உள்ளே தள்ளியும் மற்றது வெளியேயும் இருக்கும். கோட்டைக் கழற்றினான், உட்கார்ந்தான், சுரண்டினான். கண்காட்சிக்குப் போகவில்லை. பூச்சு மணத்தோடு நான் தனியாக உருளைக்கிழங்கு வறுத்துச் சாப்பிட்டேன். கோபமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து ஒருவித பயமும் வந்துவிட்டது, தேவாலயத்தில் உயரமான கூரைக்குக் கீழே நிற்கும்போது வருமே, அது.

இந்த விமானம் பானி ஸெவெரினாவுக்கு. எங்கள் ஊரில் பெண்ணை மரியாதையாக அழைக்க 'பானி', ஆணுக்கு 'பான்'. நாலாவது தெருவில் தனியாக இருக்கிறார், டிசம்பர் வந்தால் எண்பது. ஆகஸ்டில் மேல்செட்டைச் சரி செய்ய வந்தார்.

"ஆடுது, பான் ஸெனோன்."

"வால்நட் கடிச்சீங்களா?"

"கடிக்காம, பல்லு எதுக்கு? சிரிக்கவா?"

அப்போதுதான் அலமாரி மேலிருந்த வேறொரு விமானத்தைப் பார்த்து, "எங்கப்பா இதுலதான் வேலை பார்த்தாரு," என்றார். அப்பா விமானத் தளத்தில் மெக்கானிக். முப்பத்தொன்பது செப்டம்பரில் போர் தொடங்கியது. அவர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது, கல்லறையும் இல்லை. டிசம்பரில் இவர் பிறந்தார். வீடு எரிந்ததில் கல்யாணப் படம் உட்பட எல்லாம் போயிற்று. போர் முடிவதற்குள் அம்மாவும் போனார். வளர்த்த சித்தி அப்பாவை ஒருநாளும் பார்த்ததில்லை. மிஞ்சியது அந்தக் கோடையில் அப்பா எழுதிய ஒரு கடிதம். "வாலில் சதுரங்கள் இந்த முறை என் கையால். மேஸ்திரி அளவுகோல் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் அது பாராட்டு. இன்று எங்கள் படத்தைக் காட்டினார்கள். இடமிருந்து இரண்டாவது ஆள் நான். பிரதி கிடைத்ததும் அனுப்புகிறேன்."

பிரதி வரவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில், அந்தப் படத்தை எடுத்த ஸ்டூடியோக்காரரின் மனைவி பழைய கண்ணாடி நெகட்டிவ்களிலிருந்து புதிதாகப் பிரதி போட்டுக் கொடுத்தாள். ஆறு மெக்கானிக்குகள், பின்னால் விமானம். விமானத்தின் எண்ணை முன்னால் நின்ற ஆட்கள் மறைத்திருந்தார்கள், வால் மட்டும் தெரிந்தது. இருபத்தாறு வயதில் முதல்முறையாக அப்பாவைப் பார்த்தார் ஸெவெரினா. இடமிருந்து இரண்டாவது ஆள், ஒட்டிய கன்னம், சிரிக்காத வாய். ஒவ்வொரு வருடமும் நவம்பர் முதல் தேதி, இறந்தவர்களை நினைத்து ஊரே கல்லறைக்குப் போகும்போது, அவர் அந்தப் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றுவார்.

"இந்த வருஷம் பக்கத்துல விமானமும் இருக்கட்டும்," என்று படத்தின் இன்னொரு பிரதியைக் கொடுத்துக் கேட்டிருந்தார். "இதே விமானம். எங்கப்பா பூசின அதே வால்."

சிக்கல் அந்த வாலில்தான். இன்றைய எங்கள் விமானங்களில் சின்னத்தின் இடது மேல்மூலையில் வெள்ளை. தொண்ணூற்று மூன்றில் வரிசையை மாற்றினார்கள். அதற்கு முன்னால் அந்த மூலை சிவப்பு. இளைய ஆட்களுக்கு இது தெரியாது. விமானப் பாகங்கள் இருந்த பெட்டியோடு வந்த ஒட்டுத்தாளில்கூடப் புது வரிசையைத்தான் அச்சடித்திருந்தார்கள். ஸெனோன் அதை மடித்து, மளிகைச் சாமான் எழுதிக்கொள்ள என்னிடம் கொடுத்துவிட்டான். தானே பூசுவதாக இருந்தான். ஆனால் படத்தில் இருந்த வால்மேல் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால், மூலைச் சதுரம் வெளுப்பாக இருந்தது.

"வெள்ளை முதல்ல இருக்கு, பொஷெனா."

"அப்ப வெள்ளையைப் பூசு."

"அது தப்பு."

"அப்ப செவப்பைப் பூசு."

"பூசினா அந்த மனுஷன் தப்பாப் பூசினாருன்னு ஆகும். அளவுகோல் வச்சுப் பார்த்த மேஸ்திரி கண்ணுல இது படாம இருக்குமா?"

மூன்று வாரமாக இதே பேச்சு. இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டு, கேலி செய்யத்தான் படத்தை வாங்கினேன். சதுரத்தை நான் பார்க்கவில்லை. ஐம்பது வயதுக்கு மேல் சட்டைகளைத்தான் பார்க்கத் தோன்றுகிறது.

"இவங்க ஏன் பொம்பளைங்க மாதிரி பொத்தான் போட்டிருக்காங்க?"

"என்னது?"

போர்வை மேல் அவனுடைய சட்டை கிடந்தது. அதற்கு மேல் என் ரவிக்கை. ஆண் சட்டையில் பொத்தான் வலப்பக்கம், எங்களுடையதில் இடப்பக்கம். இரண்டையும் அருகருகே நீவிக் காட்டினேன். படத்தில் ஆறு பேர், ஆறு மேலங்கி. ஆறிலும் பொத்தான் என் ரவிக்கையில் இருந்த பக்கம்.

ஸெனோன் எழுந்தான். படத்தை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்க் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தான். நான் அவன் தோளுக்குப் பின்னால் நின்றேன். கண்ணாடிக்குள் மூலைச் சதுரம் கறுத்திருந்தது. சிவப்பு முதலில். ஆறு பேரும் ஆண்களைப் போல் பொத்தான் போட்டிருந்தார்கள். நெகட்டிவைத் திருப்பி வைத்துப் பிரதி போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

"சரியாத்தான் பூசியிருக்காரு," என்றான் ஸெனோன். எண்பது வருடத்துக்கு முந்தைய ஒரு ஆளின் கை சரியாக இருந்ததற்கு அவனுக்குக் குரல் இறங்கிப்போயிற்று.

எனக்கு வேறொன்று உறைத்தது. 

"ஸெனோன். இடமிருந்து ரெண்டாவது ஆளு இப்ப யாரு?"

கண்ணாடியில் அந்த இடத்தில் வேறொருவர் நின்றார். வாயைத் திறந்து சிரிக்கிற ஒரு குட்டை மனிதர். பிரதியில் அவர் வலமிருந்து இரண்டாவது. அந்த மெக்கானிக் கடிதம் எழுதியது திருப்பாத படத்தைப் பார்த்து.

ஸெனோன் அவருடைய வாயையே பார்த்தான். பிறகு பின்னறைக்குப் போய் ஒரு பெட்டியைக் கொண்டு வந்தான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் பானி ஸெவெரினாவுக்குச் சொந்தப் பற்கள் இருந்தபோது எடுத்த அச்சு. இரண்டு தாடைகளையும் கடிக்க வைத்தான். கீழ்ப்பல் வரிசை மேல்வரிசைக்கு முன்னால் வந்து நின்றது. முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் ஏறியிருந்தது. பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தான். சிரிக்கிற மனிதரின் கீழ்ப்பல் மேல்பல்லுக்கு முன்னால் இருந்தது. ஒரு பல் பக்கத்துப் பல்லின் மேல் ஏறியிருந்தது.

 பிளாஸ்டர் தாடையும் காகிதத்தில் ஒரு சிரிப்பும் என் ஈரத் துணிகளுக்கு நடுவில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. இஸ்திரிப் பெட்டி தானாக அணைந்திருந்தது.

சாப்பிடும்போது சொன்னேன்: "சொல்லாத. எண்பது வயசு. செவப்பைப் பூசு, குடு, கேக்கைச் சாப்பிட்டுட்டு வந்துடு."

"படத்துக்குப் பக்கத்துல வச்சுப் பார்ப்பாங்களே. ஏன் மாறியிருக்குன்னு கேப்பாங்க."

"கேக்க மாட்டாங்க. யாருக்குக் கண்ணு தெரியுது அந்த வயசுல?"

"பல்லு அரை மில்லிமீட்டர் தூக்கலா இருந்தப்ப யாரு கண்டுபிடிச்சா?"

"அது வாய். இது அப்பா. அவங்ககிட்ட வேற அப்பா இல்ல."

"இருக்காரு," என்றான் ஸெனோன். "நாம பார்த்தோமே."

ஞாயிறு காலை பூசினான். நான் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு வெள்ளைச் சதுரத்துக்கும் சிவப்பில் ஒரு விளிம்பு, ஒவ்வொரு சிவப்புக்கும் வெள்ளையில் ஒரு விளிம்பு, முடியளவு. தூரிகை தொடும்போது மூச்சை நிறுத்துவான், எடுத்த பிறகு விடுவான். இடையில் நாடித்துடிப்புக்கும் காத்திருப்பான் போல, மணிக்கட்டு அவ்வளவு அசையாமல் இருந்தது. மத்தியானம் தலையைத் தூக்கியபோது வாலில் நாலு சதுரம். சிவப்பு முதலில். முப்பத்துநாலு வருடத்தில் அவன் செய்ததில் எதையும் நான் தொட அஞ்சியதில்லை. அதைத் தொடவில்லை.

அடுத்த ஞாயிறு போனோம். பானி ஸெவெரினா கசகசா கேக் வெட்டி வைத்திருந்தார். அலமாரி மேல் சட்டமிட்ட ஒரு பிரதி, அதற்கு முன்னால் நவம்பருக்காக வாங்கிய ஒரு கண்ணாடிக் குவளை மெழுகுவர்த்தி. விமானத்தை இரண்டு கையாலும் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். மறுபடி வாலை.

"மாத்திப் பூசிட்டீங்களே, பான் ஸெனோன்."

அவன் என்னைப் பார்த்தான். நான் கேக்கைப் பார்த்தேன்.

"நான் மாத்தல. படம்தான் மாறியிருக்கு," என்று ஆரம்பித்தான். மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னான். நான் பைக்குள்ளிருந்து என் சின்னக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன், பொத்தான்களை நான்தான் காட்டினேன். பிளாஸ்டர் தாடையை அவன் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டு வந்திருந்தான். அதை மேசையில் வைத்து, கடைசியாகச் சிரிக்கிற மனிதருக்கு நேரே விரலை வைத்தான்.

பானி ஸெவெரினா தாடையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். தன் மோவாயைக் கையால் பிடித்துக்கொண்டார், யாரோ அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல.

"சித்தி இதை இழுத்துவிட்டுச் சொல்லுவா," என்றார். "இந்தக் கழுத மூஞ்சி எங்கேருந்து வந்துச்சுன்னு எங்க வீட்டுல யாருக்கும் தெரியாதும்பா."

சிரித்தார்.  சிரிக்கும்போது அவர் அந்தக் குட்டை மனிதரேதான். எப்படி இத்தனை பேர் இத்தனை வருடம் பார்க்காமல் இருந்தோம் என்று இருந்தது.

பிறகு அவருடைய விரல் படத்தின் மறுபக்கம் நகர்ந்தது. ஒட்டிய கன்னம், சிரிக்காத வாய்.

"என் கல்யாணத்தை இவர்கிட்டதான் சொன்னேன். பையன் பொறந்ததையும், அவன் போனதையும். அம்பத்துமூணு வருஷம். இவரு யாரு, பான் ஸெனோன்?"

 எந்த விமானத்தில் எந்த ஆணி எங்கே இருக்கும் என்று ஸெனோனுக்குத் தெரியும். கைக்குட்டையை மடிக்க ஆரம்பித்தான்.

"இவருக்கு யாராவது மெழுகுவர்த்தி ஏத்துறாங்களா?"

விமானத்தைப் படத்துக்குப் பக்கத்தில், இரண்டு பேருக்கும் நடுவில் வருகிற மாதிரி நகர்த்தி வைத்தார். கைத்தடியை எடுத்துக்கொண்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமல், சமையலறைக்குப் போனார். அங்கே இன்னொரு கண்ணாடிக் குவளையைத் தேடும் சத்தம் கேட்டது.