தபால் பெட்டிக்கு முதுகு காட்டி

இரத்தினபுரி பஸ் நிலையத்தில் பிக்பாக்கெட் அடிப்பவர்களைப் பற்றி எங்கள் தோட்டத்தில் யாரும் இளக்காரமாகப் பேசி நான் கேட்டதில்லை. பறிகொடுத்துவிட்டு வந்தவர்கள்கூட, வாய் வலிக்கத் திட்டி முடித்த பிறகு, அவன் கைவேலையைப் பற்றி நாலு வார்த்தை புகழ்ந்துதான் பேச்சை நிறுத்துவார்கள். மாணிக்கக்கல் வியாபாரம் நடக்கிற ஊர் அது. அரிசியளவு கல்லைக் காகிதத்தில் மடித்து மடியில் செருகிக்கொண்டு திரிகிறவர்களிடமே உருவத் தெரிந்த விரல்களுக்கு, சம்பளத்தன்று சட்டைப்பை உப்பிப்போய் வந்திறங்கும் தோட்டத்து ஆள் எம்மாத்திரம்? என் அப்பாவிடம் ஒருமுறை ஐடி காட்டோடு பர்சைத் தூக்கிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து ஐடி காட் மட்டும் தபாலில் தோட்டத்து ஆபீசுக்கு வந்து சேர்ந்தது. காசை எடுத்துக்கொண்டு காட்டைத் தபால் பெட்டியில் போட்டுவிடுவது அவர்கள் வழக்கமாம். "யோக்கியன்யா அவன்" என்று அப்பா ஆறு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த யோக்கியர்களில் ஒருவனோடு நேருக்கு நேர் மோதியது எங்கள் வீட்டில் அத்தை ஒருத்திதான். நேருக்கு நேர் என்று சொல்லக்கூடாது. அவள் முதுகைக் காட்டிக்கொண்டுதான் மோதினாள்.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணம் ஆகவில்லை. எங்களோடு ஒரே லயத்துக் காம்பராவில், வரிசை வீட்டின் ஒற்றை அறையில் இருந்தாள், தேயிலைக் கொழுந்து எடுத்தாள். கொடகவெலவுக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் பள்ளிக்கூடம் ஐந்தாம் ஆண்டோடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் கீழே கிராமத்துச் சிங்களப் பள்ளிக்கூடம்தான். அத்தை அங்கே எட்டாம் ஆண்டு வரை போனவள். அவள் சிங்களம் பேசினால் கடைவீதியில் யாரும் அவளைத் தோட்டத்து ஆள் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "வாய் படிச்சிச்சி புள்ள. மண்டைக்குள்ள ஏறல." அதனால் நான் ஐந்தாம் ஆண்டு முடித்தபோது, என்னை இரத்தினபுரியில் விடுதியோடு இருக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில்தான் சேர்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பள்ளிக்கூடத்தில் இடமும் கிடைத்துவிட்டது.

இல்லாதது என் பேர்த் சட்டிபிக்கட். நான் பிறந்த அன்று மழையில் தோட்டத்து லொறி பாதி வழியில் புதைந்துபோனதால், ஆஸ்பத்திரிக்குப் போகாமல் காம்பராவிலேயே பிறந்துவிட்டேன். பதிவு செய்வதை அப்பா நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டதில் பத்து வருடம் ஓடிவிட்டது. அதிகாரி முன்னால் நின்றால் அப்பாவுக்கு நாக்கு உள்ளே போய்விடும். அம்மா கையில் தம்பி இருந்தான். அத்தைதான் கிராம சேவகரிடமும், தோட்டத்து ஆபீசிலும், பிரதேச செயலகத்திலுமாக ஒரு வருடத்துக்கு மேல் அலைந்தாள். வேலைக்குப் போகாத நாளில் தோட்டத்தில் பேர் விழாது. பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. என் பேரைக் காகிதத்தில் ஏற்ற அத்தை தன் பேரை எத்தனை நாள் விட்டாளோ தெரியாது. கடைசியில் காகிதம் வந்தபோது பள்ளிக்கூடத்துக்காரர்கள் கெடு வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் மூலப்பிரதியைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். அந்த வெள்ளிக்கிழமைதான் நாங்கள் பஸ் ஏறினோம்.

புறப்படும்போது அத்தை கண்ணாடி முன்னால் நின்று தோட்டைக் கழற்றினாள். சிவப்புக் கல் பதித்த தோடு. சீட்டுப் பிடித்து வாங்கியது, அவளிடமிருந்த ஒரே தங்கம். டவுனுக்குப் போகும் பெண்களுக்கு லயத்தில் எல்லோரும் சொல்லும் புத்திமதி அது: பஸ்ஸில் காதோடு பிய்த்துக்கொண்டு போய்விடுவான், கழற்றிவிட்டுப் போ. மூளிக் காதோடும் போகக்கூடாது. அதனால் விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி ஒடித்து இரண்டு காதிலும் செருகிக்கொண்டாள். தோட்டை ஒரு துணியில் முடிந்ததைப் பார்த்தேன். முடிச்சு எங்கே போனது என்று பார்க்கவில்லை. என் கண் முழுக்க என் புதுச் சப்பாத்தில் இருந்தது.

காசெல்லாம் அத்தையின் ரவிக்கைக்குள் பத்திரம். பேர்த் சட்டிபிக்கட்டையும் என் போட்டோக்களையும் வைத்த பிளாஸ்டிக் பைல் தோள்பையில். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. கண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட" என்று முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தார். கஹவத்தை, பெல்மடுளை என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் இன்னும் பத்துப் பேர் ஏறினார்கள். அத்தை பையை நெஞ்சோடு சேர்த்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தாள். அவள் செய்த ஒரே பிழை அதுதான். இரத்தினபுரி பஸ்ஸில் ஒரு பையை அப்படிக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனால், உள்ளே முட்டையளவு நீலக்கல் இருப்பதாகத்தான் எவனும் நினைப்பான்.

இறங்கிப் பத்தடி நடந்ததும் அத்தை நின்றாள். பையின் அடியில் கையை விட்டாள். விரல்கள் வெளியே வந்தன. அடிப்பாகம் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ரூல் தடி வைத்ததுபோல் நேராக அறுக்கப்பட்டிருந்தது. பைல் இல்லை.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தையின் முகம் வெளுத்துவிட்டது, அதை நான் கண்டேன். ஆனால் அவள் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"எவ்வளவு சுத்தமா அறுத்திருக்கான் பாரு புள்ள. நம்ம ரப்பர் மலையில பால் வெட்டுறவங்ககூட இப்படிக் கத்தி போடமாட்டாங்க."

"அத்தை, போலீஸ்காரர்கிட்ட சொல்லுங்க அத்தை!"

"சொன்னா எழுதுவாங்க. எழுதி முடிக்கவே மூணு மணி ஆயிரும். சும்மா இரு."

சுற்றுமுற்றும் பார்த்தாள். பஸ் நிலையத்து ஓரத்தில் சிவப்புத் தபால் பெட்டி ஒன்று நின்றது. அதைப் பார்த்ததும் அவள் முகத்தில் ரத்தம் திரும்ப ஓடியதுபோல் இருந்தது. நேரே போய்ப் பக்கத்திலிருந்த சீமெந்துக் கட்டின் மேல் ஏறி நின்றாள். மலைக்கு மலை ஆள் கூப்பிடுகிற குரல் அவளுக்கு. அந்தக் குரலை எடுத்து "மல்லி!" என்று ஒரு சத்தம் போட்டாள். பஸ் நிலையத்தில் இருந்த அத்தனை தம்பிமாரும் திரும்பினார்கள்.

பேசியது சிங்களத்தில். நான் தமிழில் சொல்கிறேன்.

"மல்லி, எம் பையை அறுத்தவன் இங்கதான் எங்கயாவது நிப்ப. கை சுத்தம், நான் மெச்சுறேன். ஆனா அதுக்குள்ள இருக்கிறது இந்தப் புள்ளையோட பேர்த் சட்டிபிக்கட். அதை வச்சி உனக்கு ஒரு பிளேன்டீகூடக் கெடைக்காது. பன்னெண்டு மணிக்குள்ள இவ அதைப் பள்ளிக்கூடத்துல காட்டணும், இல்லாட்டி இவளும் நாளைக்குக் கூடை தூக்கணும். மத்ததை நீயே வச்சிக்க, நான் கேக்க மாட்டேன். கடுதாசிய மட்டும் அந்தப் பெட்டியில செருகிட்டுப் போ. நான் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன், சத்தியம்."

சிலர் சிரித்தார்கள். வடை விற்றவர் பாவம் என்று சூள் கொட்டினார். எனக்கோ கோபம். மத்தது என்றால் என் போட்டோக்கள். கொடகவெல ஸ்டூடியோவில் பவுடர் பூசி எடுத்த போட்டோக்களை ஒரு வார்த்தை கேட்காமல் கள்ளனுக்குத் தாரை வார்த்துவிட்டாளே என்று பொருமினேன்.

அத்தை கீழே இறங்கி, தபால் பெட்டிக்கு முதுகு காட்டிக் கட்டின் மேல் உட்கார்ந்தாள். என்னைக் கீழே உட்காரவைத்துத் தன் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையை இடுக்கிக்கொண்டாள். என் பின்னலை அவிழ்த்துப் புதிதாகப் பின்னத் தொடங்கினாள். நான் எட்டிப் பார்க்க முயன்றபோதெல்லாம் சடையைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினாள்.

"திரும்பாத. நம்ம பாத்துக்கிட்டிருந்தா எவன் வருவான்?"

வந்தவர் ஒரு போலீஸ்காரர். என்ன தொலைந்தது, ஏன் சத்தம் என்று அத்தைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். கடவுளே அனுப்பியதாக நினைத்து நான் வாயைத் திறந்தேன். அத்தை சடையை இழுத்த இழுப்பில் வாய் மூடிக்கொண்டது.

"ஒண்ணும் தொலையல ராலஹாமி. அண்ணன் மகளுக்குக் கூட்டத்துல பேசப் பழக்குறேன். பள்ளிக்கூடத்துல பேச்சுப்போட்டி."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அறுந்த பையைப் பார்க்கப்போனார். அத்தை அதைச் சேலைத் தலைப்பால் மூடிவிட்டு, கண் சிமிட்டாமல் சிரித்தாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். காக்கிச் சட்டை தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றால் எந்த மல்லி வருவான் என்று யோசிக்கும் மூளை எனக்கு அன்று இல்லை. என் அத்தைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே முடிவு கட்டினேன்.

பஸ் நிலையத்துக் கடிகாரம் மட்டும் எனக்குத் தெரிகிற பக்கம் இருந்தது. பத்தரை. பதினொன்று. ஒற்றைச் சடை போட்டாள், அவிழ்த்தாள், இரட்டைச் சடை போட்டாள். முதுகுக்குப் பின்னால் ஆட்கள் நடக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு காலடிக்கும் என் தலையில் அத்தையின் விரல்கள் ஒரு கணம் நின்று மறுபடி ஓடின. அங்கே உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க அவள் பயந்திருந்தாள் என்பதற்கு நான் கண்ட ஒரே அடையாளம் அதுதான். பதினொன்றே கால் தாண்டியதும் சடை நுனியில் ரிப்பனைக் கட்டி முடித்தாள்.

"இப்ப போய்ப் பாரு."

பெட்டியின் வாயில் பைல் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகத் துருத்திக்கொண்டிருந்தது. உள்ளே விழுந்திருந்தால் தபால்காரர் வந்து திறக்கிறவரை எடுக்க முடியாது. விழாமல் பார்த்துச் செருகியிருந்தான். நான் போட்ட கூச்சலில் வடைக்காரர் சட்டியை விட்டு எழுந்துவிட்டார்.

பேர்த் சட்டிபிக்கட் மடிப்புக் கலையாமல் இருந்தது. என் போட்டோக்கள் நாலும் இருந்தன. அத்தை பைலை வாங்கி ஒவ்வொரு மூலையிலும் விரலை விட்டுப் பார்த்தாள். தலைகீழாகப் பிடித்து ஒரு உதறு உதறினாள். இன்னொரு தடவையும் விரலை விட்டாள்.

"எல்லாம் இருக்கா அத்தை?"

"எல்லாம் இருக்கு. வா, ஓடு!"

ஓடுவதற்கு முன் பஸ் நிலையத்தைப் பார்த்துப் பொதுவாக ஒரு கும்பிடு போட்டாள். யாருக்கென்று அவளுக்கும் தெரியாது. பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பள்ளிக்கூடத்துக் கிளார்க் என் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பதிவேட்டில் என் பெயரை எழுதினார். அத்தை அறுந்த பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அவர் எழுதி முடித்த கடைசி எழுத்துவரை எட்டிப் பார்த்தாள்.

அன்று மாலை லயத்தில் நான்தான் கதாநாயகி. சீமெந்துக் கட்டுக்குப் பதிலாகத் தண்ணீர் பிடிக்கும் பீலிக் கல்லில் ஏறி நின்று "மல்லி!" என்று கத்திக் காட்டினேன். மூன்று லயத்து ஆட்களும் கூடிவிட்டார்கள். கள்ளனையே வேலை வாங்கியவள் என்று அத்தைக்குப் பெயர் விழுந்தது. அப்பாவின் யோக்கியன் கதை அன்றோடு எடுபடாமல் போயிற்று. அத்தை ஒரு ஓரமாக உட்கார்ந்து அறுந்த பையைத் தைத்துக்கொண்டிருந்தாள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அத்தையின் பக்கத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு அத்தை ஈர்க்குச்சியைக் கழற்றவில்லை. கேட்டால், கூடைக் கயிற்றைத் தலையில் போடும்போது தோடு மாட்டிக் காதை இழுக்கிறது என்றாள். நான் நம்பினேன். நம்பியது மட்டுமல்ல, அது எனக்குப் பிடித்தும் போயிற்று. இவ்வளவு பெரிய வேலையைச் செய்துவிட்டு வந்த காது அல்லவா அது? விடுதியில் சேர்ந்த முதல் வாரமே என் கவரிங் தோட்டைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு, விடுதி விளக்குமாற்றிலிருந்து குச்சி ஒடித்துக் காதில் செருகிக்கொண்டேன். பிள்ளைகள் கேலி செய்தார்கள். என் அத்தை யாரென்று உங்களுக்குத் தெரியாது என்று எல்லோரிடமும் சொன்னேன்.

மாதக் கடைசியில் அப்படியே வீட்டுக்குப் போனேன். அத்தை மலையிலிருந்து இறங்கி வந்து கூடையை வைத்துவிட்டு, என்னைக் கட்டிப்பிடிக்க வந்தவள் காதைப் பார்த்து நின்றுவிட்டாள். என்னைப் படியில் உட்காரவைத்து, கொழுந்துக் கறை படிந்த விரலால் குச்சிகளை மெதுவாக உருவினாள். நான் கொண்டுவந்த பெட்டியிலிருந்து என் கவரிங் தோட்டை எடுத்து இரண்டு காதிலும் மாட்டிவிட்டாள். பஸ் நிலையத்தில் அத்தனை பேருக்கு முன்னால் ஒரு சொட்டு விடாதவள், ஏங்கி ஏங்கி அழுதாள். "ஒனக்கு வேணாம் தாயி. என்னோட போகட்டும்" என்றாள்.

அந்தத் துணி முடிச்சும் பைலுக்குள்தான் இருந்தது என்பதை, நான் முதல் சம்பளம் வாங்கி அத்தைக்கு என்ன வாங்கலாம் என்று கேட்ட அன்றுதான் அம்மா சொன்னாள். லயத்துக் கதவுப் பூட்டை நம்ப முடியாமல், தன்னிடமிருந்த மதிப்பான இரண்டையும் அத்தை ஒரே இடத்தில் வைத்திருக்கிறாள். அதில் ஒன்றைக் கேட்டு வாங்க மற்றதை விட்டுக்கொடுத்திருக்கிறாள்.

அன்று படியில் உட்கார்ந்திருந்த எனக்கு இதில் எதுவும் தெரியாது. என் காதில் குச்சி போனது ஒன்றுதான் பெரிய குறை. அவள் கையைத் தட்டிவிட்டு, "போங்க அத்தை, நீங்க மட்டும் அழகா இருக்கணும்னு நெனக்கிறீங்க" என்று கோபித்துக்கொண்டு ஓடினேன்.