மந்திரவாதி முடித்த பிறகு வாள்காரிக்கு என்ன வேலை?

கதையாட்டம் நடத்துவது என்பது, மேசையில் இருக்கும் எல்லாரையும் சந்தோஷப்படுத்தப் பார்த்து, எல்லாரிடமும் தனித்தனியாகத் திட்டு வாங்கும் தொழில். திருப்பதியில் ஒரு காபிக் கடையின் மாடியில் ஞாயிறு மதியங்களில் அதைத்தான் செய்கிறேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன் என்று வேஷம் எடுப்பார்கள். நான் கதை சொல்வேன். என்ன செய்கிறோம் என்று அவர்கள் சொல்வார்கள். நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். இதே பிழைப்பில் இருக்கும் சக பாவிகளே, உங்களுக்கு இதெல்லாம் பழகியிருக்கும். எனக்கு ஒவ்வொரு தடவையும் தூக்கிவாரிப் போடுகிறது.

ஒரே வரியில் போன கோட்டை

டேனியல் அண்ணனும் சுமதி அக்காவும் கணவன் மனைவி, சொந்த ஊர் குடிபாலா. அண்ணனுக்குக் கம்ப்யூட்டர் வேலை, அக்கா நர்ஸ். ஆட்டத்தில் அவர் மந்திரவாதி, அக்கா வாள்காரி. அவர்களோடு திருடனாக ஆடுவது கிரண், மருத்துவம் படிக்கும் தெலுங்குப் பையன்.

ஒரு வாரம் முழுக்க உட்கார்ந்து ஓர் அரக்கனின் கோட்டையைத் தயார் செய்திருந்தேன். அகழி, காவலர்கள், அக்காவின் வாளுக்கென்றே இரண்டு கதவுகள், உள்ளே மீட்க வேண்டிய ஒரு கைதி. அண்ணன் முதல் ஆளாக வாயைத் திறந்தார்: "மாயமா மறைஞ்சு, பறந்து போயி, ஜன்னல் வழியா கைதிய தூக்கினு வந்துட்றேன்." விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். செய்யலாம் என்றிருந்தது. பகடையும் அவர் பக்கமே விழுந்தது. கோட்டை முடிந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் அக்காவின் நாற்காலி காலி. கொஞ்ச நேரம் கழித்துக் கையைத் துடைத்துக்கொண்டே படியேறி வந்தார்.

"கீழ போய் பஜ்ஜி துன்னுட்டே வந்துட்டேன். நான் இல்லாம எதனா நின்னுச்சா?"

எரியும் வாள்

மறு வாரமே திருத்தத்தில் இறங்கினேன். மந்திரங்களைப் பாதியாக வெட்டினேன். அண்ணன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். அதை எதிர்பார்த்தேன். திருடனிடமும் இரண்டு குட்டி மந்திரங்கள் இருந்ததை மறந்தே போனேன். "அக்கா, கொட்டிந்தி அன்னய்யனி, தகிலிந்தி நாக்கு!" என்று என்னைப் பார்த்துக் கத்தினான் கிரண். அடித்தது அண்ணனை, பட்டது எனக்கு என்கிறான்.

சரி, குறைப்பதற்குப் பதில் கொடுத்துப் பார்க்கலாம் என்று சுமதி அக்காவுக்கு நெருப்பெரியும் மந்திர வாள் ஒன்று கிடைக்கும்படி செய்தேன். ஒரே வீச்சில் ராட்சசன் சாய்ந்தான். நான் கை தட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன வெட்னது நானா, நீ குடுத்த நெருப்பா?"

மாமியார் வந்த மதியம்

மகன் ஞாயிறுதோறும் மந்திரம் செய்கிறான் என்று குடிபாலாவுக்குச் செய்தி போய்விட்டது. டேனியல் அண்ணனின் அம்மா பழைய மிஷன் சபையில் பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவி. ஆராதனை முடிந்த கையோடு பஸ் ஏறி, பைபிள் பையும் கையுமாக மாடிக்கு வந்து நின்றார். கடையை மூட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். நாற்காலி கொடுத்தேன். உட்கார்ந்தவர் ஆட்டத்தையே கவனித்தார். பிறகு என்னை விரல் காட்டிக் கூப்பிட்டார்.

"மந்திரம் பாவம்னு அவன்கிட்ட நான் வீட்ல பேசிக்கிறேன். என் மருமவ மட்டும் ஏன் கத்திய தூக்கினு எல்லார் பின்னாடியும் ஓடிக்கினு இருக்கா? அத சொல்லு மொதல்ல!"

பாலம்

இதைச் சொல்ல இப்போதும் கஷ்டமாக இருக்கிறது. மலைப்பாலம் ஒன்று அறுந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் தப்பிக்கட்டும் என்று சுமதி அக்கா தனியாக நடுவில் நின்று கொள்ளைக் கூட்டத்தைத் தடுத்துக்கொண்டிருந்தார். அண்ணனிடம் ஒரே ஒரு மந்திரம் பாக்கி. அதை வைத்து அக்காவைத் தூக்கிவிடலாம், இல்லையென்றால் கொள்ளைத் தலைவனை அடிக்கலாம். அடுத்து ஆட வேண்டிய முறை அக்காவுடையது. என்ன செய்யப்போகிறாய் என்று அவரை ஒரு வார்த்தை கேட்காமலே, "தலைவன அடிக்கிறேன், அவன் போனா எல்லாம் முடிஞ்சிடும்" என்றார் அண்ணன். தலைவன் செத்தான். பாலமும் போனது, அக்காவோடு.

சிரிப்பார் என்று நினைத்தேன். அக்கா தன் பகடைகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டார். கண் கலங்கியிருந்தது. கிரண் தலையைக் குனிந்துகொண்டான். அக்கா எழுந்து, அண்ணனைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்:

"பெங்களூர் கம்பெனிக்கு வேலைக்கு வரேன்னு என்ன கேக்காமயே இவரு சொன்னதும் இப்டித்தான். என் முறை வர்றதுக்குள்ள முடிச்சிட்டாரு."

ஆறு

அதன் பிறகு அவர்கள் வரவில்லை. ஒரு குடும்பத்தைக் கெடுத்துவிட்டேன் என்றே முடிவு செய்துகொண்டேன். ஒரு ஞாயிறு கிரணோடு வெறும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது இரண்டு பேரும் படியேறி வந்தார்கள். "மந்திரவாதி வேணாம், எனக்கும் ஒரு கத்தி குடு" என்றார் அண்ணன். நான் கேட்காமலே, "பெங்களூர்ல டைம் கேட்டிருக்கேன். ரெண்டு பேரும் பேசிக்கினு இருக்கோம்" என்றும் சொன்னார்.

இரண்டு பேருக்கும் புதிதாக வாள் வேஷம் கொடுத்தேன். பெரிய அரக்கனைத் தயாராக வைத்திருந்தேன். அவன் இருக்கும் இடத்துக்குப் போகும் வழியில் சும்மா ஓர் ஆறு வைத்திருந்தேன். பறக்க ஆள் இல்லை. வாழைமரங்களை வெட்டித் தெப்பம் கட்டினார்கள். அது கவிழ்ந்தது. கிரணின் திருடன் அடித்துக்கொண்டு போனான். கயிற்றோடு யார் முதலில் இறங்குவது என்று புருஷன் பெண்டாட்டிக்குள் பெரிய சண்டை. கடைசியில் அக்கா நீந்த, அண்ணன் கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு "மெதுவா, மெதுவா" என்று நிஜமாகவே அலறினார். பொழுது சாய்ந்துவிட்டது. யாரும் அக்கரை சேரவில்லை. ஒன்றுமே நடக்காத ஆட்டம், இதோடு விட்டுவிடப் போகிறார்கள் என்று பயந்து மன்னிப்புக் கேட்டேன். சுமதி அக்கா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இன்னும் பாதி ஆத்துல நிக்கிறேன், இன்னாத்துக்கு மன்னிப்பு? அடுத்த ஞாயிறு கொஞ்சம் சீக்கிரமா தொற!"

வாளையும் மந்திரத்தையும் சமன் செய்ய நான் மாற்றிய விதிகளில் ஒன்றுகூட வேலை செய்யவில்லை, யோசிக்காமல் வைத்த ஆறுதான் வேலை செய்தது என்பதை என் தொழில் திறமையில் சேர்த்துக்கொள்ளலாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.