திரும்பி வந்த மீன்

என்ர மனுசன் அருந்தவன் பதினாறு வருசம் சாமான் எண்ணினவர். சிட்னியில பிளாக்டவுனுக்குக் கிட்ட ஒரு பெரிய வேர்ஹவுஸில ஸ்டொக் எடுக்கிற வேலை. கையில ஒரு சின்னக் கிளிக்கரை வைச்சு, பெட்டி பெட்டியாப் பார்த்து டிக் டிக் எண்டு அமத்திக்கொண்டு திரிவார். பிறகு அங்க மெசின் வந்தது. மனுசனை வீட்டுக்கு அனுப்பிப்போட்டாங்கள். ஐம்பத்தி நாலு வயசில ஆர் வேலை தரப்போகினம்? எட்டு மாசம் வீட்டுக்குள்ள குறுக்கும் நெடுக்கும் நடந்து என்ர உயிரை எடுத்தார்.

நான் ஒரு முதியோர் இல்லத்தில வேலை செய்யிறன். அங்க ஒரு அம்மாவைப் பார்க்க அவவின்ர தங்கச்சி மார்லீன் அன்ரி மாசம் ஒருக்கா வருவா. தெற்குக் கரையில ஒரு அபோரிஜினல் ஆதிக்குடிச் சமூகத்துக்கு அவ பெரிய ஆள். எங்களைப் போலதான், அவையும் பெரியாக்களை அன்ரி, அங்கிள் எண்டு கூப்பிடுறவை. மரியாதையும் அப்பிடித்தான். அவ வந்தா நான் முதல் ரீ போட்டுக் குடுத்துட்டுத்தான் மற்ற வேலை.

அவையின்ர ஊரில கடலோட சேருற களப்பில மலட் எண்டு ஒரு மீன் இருக்கு. எங்கட ஆக்கள் திரளி எண்டு சொல்லுற சாதி. குளிர் தொடங்கேக்க அது கூட்டம் கூட்டமாக் கடலுக்குப் போய் முட்டை போடும். அந்த நேரம் வலை போடுறது அவையின்ர பழைய உரிமை. ஆனால் மீன் வருசா வருசம் குறைஞ்சுகொண்டு போகுதெண்டு கண்டு, அவையே தங்களுக்கு ஒரு சட்டம் வைச்சவை. பத்தாயிரம் மீன் கடலுக்குப் போனாப் பிறகுதான் முதல் வலை. களப்பு வாயில தண்ணிக்குள்ள ஒரு கமெரா. அந்த வீடியோவைப் பார்த்து எண்ண ஆள் வேணும்.

"பொறுமையான ஆள் ஆரையும் தெரியுமோ, ஜினி?" எண்டு மார்லீன் அன்ரி கேட்டா.

"என்ர வீட்டில ஒண்டு சும்மா கிடக்கு, அன்ரி" எண்டன். அவ சிரிச்ச சிரிப்பில ரீ சிந்திப்போச்சு.

அப்பிடித்தான் மனுசன் மீன் எண்ண வந்தது. குசினி மேசையில லப்டொப்பை வைச்சுக்கொண்டு, பழைய கிளிக்கரோட காலமை தொடங்கினா பின்னேரம்தான் எழும்புவார். முகத்தில ஒரு களை வந்திட்டுது. எனக்கு மார்லீன் அன்ரியைக் கும்பிடவேணும் போல இருந்தது.

ஏழாவது கிழமை, ஒரு வியாழக்கிழமை, "பத்தாயிரத்து இருநூறு!" எண்டு துள்ளினார். அன்ரிக்கு அறிவிச்சாச்சு. சனிக்கிழமை வலை. சிட்னியில இருந்தும் மெல்பேணில இருந்தும் அன்ரியின்ர சொந்தக்காரர் எல்லாம் லீவு போட்டு வெளிக்கிட்டினம்.

வெள்ளிக்கிழமை நான் வேலைக்கு வெளிக்கிடேக்க மனுசன் பழைய வீடியோ ஒண்டை ஆசையா ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் எட்டிப் பார்த்தன். வால் பாதி கடிபட்ட ஒரு மீன் போச்சுது.

"இஞ்சருங்கோ, இந்த வாலறுந்ததை முந்தநாள் வேற ஒரு நாளின்ர வீடியோவிலயும் எனக்குக் காட்டினியளெல்லோ? கடலுக்குப் போனது எப்பிடித் திரும்பவும் போகும்?"

மனுசன் வீடியோவை நிப்பாட்டினார். பின்னுக்கு இழுத்தார். தெற்குக் காத்து அடிச்ச நாளில மீன் கொஞ்சம் வெளிய போய், குளிருக்குப் பயந்த பிள்ளையள் மாதிரித் திரும்பிக் களப்புக்குள்ள வந்திருக்கு. பிறகு திரும்பவும் போயிருக்கு. இவர் போறதை மட்டும் அமத்தினவர், வந்ததைக் கழிக்கேல்லை. வேர்ஹவுஸில வெளிய போன பெட்டி தானா நடந்து திரும்பி வராதெல்லோ! பதினாறு வருசப் பழக்கம் மனுசனைக் கவிட்டுப்போட்டுது.

பின்னேரம் நான் வரேக்கயும் அதே கதிரையில இருந்தார். சாப்பாடு அப்பிடியே கிடந்தது. "ஆறாயிரத்து நானூறுதான், ஜினி. மிச்சம் எல்லாம் இன்னும் உள்ள நிக்குது. முட்டையோட."

சத்தியமாச் சொல்லுறன், "பேசாமல் இருங்கோவன், ஆருக்குத் தெரியப்போகுது" எண்டு என்ர வாய் வரைக்கும் வந்தது. அந்த எட்டு மாசத்தை நினைச்சு வந்தது. அதுக்குள்ள மனுசன் ஃபோனை எடுத்திட்டார். அன்ரிக்கு அடிச்சு முழுக்கச் சொன்னார்.

மார்லீன் அன்ரி எல்லாத்தையும் கேட்டா. பிறகு, "வலை தண்ணியில இறங்காது. ஆனால் நாளைக்கு நீ வந்து எல்லாருக்கும் நேரில சொல்லு" எண்டா.

நாலு மணித்தியாலம் கார் ஓடிப் போனம். கடற்கரையில எண்பது பேர் நிண்டிருப்பினம். மனுசன் முன்னுக்குப் போய், தன்ர உடைஞ்ச இங்கிலீசில, "பிழை என்னில. நான் திரும்பி வந்ததை எண்ணேல்லை" எண்டார். டேரல் எண்டு ஒருத்தர், மார்லீன் அன்ரியின்ர பெறாமகன், ஊரில இருக்கிற மற்ற அக்காவின்ர மகன், முன்னுக்கு வந்தார். கண் சிவந்திருந்தது.

"என்ர அம்மா ஆஸ்பத்திரியில கிடக்கிறா. டொக்டர் இரண்டு கிழமை எண்டவர். எங்கட களப்பு மீன் ஒரு வாய் கேட்டவ. நான் அவவுக்கு என்ன சொல்ல?"

மனுசன் தலையைக் குனிஞ்சார். அண்டைக்கு எல்லாரும் சொசேஜ் வாட்டிச் சாப்பிட்டிச்சினம். ஒருத்தரும் எங்களைப் போகச் சொல்லேல்லை. ஒரு கிழவர் வந்து இவருக்கு ஒரு பிளேற் நீட்டினார். அது எனக்குப் பெரிய விசயம்.

போகேக்க இவர் மார்லீன் அன்ரியிட்ட, "வேற ஆளைப் பாருங்கோ" எண்டார்.

"விசர்க் கதை கதையாதை" எண்ட மாதிரித்தான் அவவும் ஏதோ சொன்னா. "உனக்கு முன்னம் மூண்டு பேர் எண்ணினவை. ஒருத்தரும் தாங்கள் பிழை எண்டு சொன்னதில்லை. அதாலதான் மீன் இன்னும் குறைஞ்சுபோச்சு. நீ போய் எண்ணு."

அதுக்குப் பிறகு வந்த நாள்களை நான் மறக்கமாட்டன். மனுசன் போறதையும் எண்ணினார், வாறதையும் கழிச்சார். ஆனால் ஃபோன் அடிச்சா வெளிறிப்போவார். எனக்குத் தெரியும் அவர் எதுக்குப் பயந்தவர் எண்டு. டேரலின்ர அம்மா மீன் தின்னாமல் போய்ச் சேர்ந்திட்டா எண்ட சேதிக்குத்தான். நானும் முருகனோட சண்டை பிடிச்சன். "கொஞ்சம் பொறுக்கச் சொல்லு அந்த மனுசியை, உனக்கென்ன குறைஞ்சா போகுது?"

பதினோராம் நாள் மேற்குக் காத்து எழும்பினது. ஐயோ, அந்த வீடியோவைப் பார்த்திருக்கவேணும்! தண்ணி தெரியேல்லை, மீன்தான் தெரிஞ்சுது. ஒண்டும் திரும்பேல்லை. அண்டைக்குப் பத்தாயிரம் தாண்டினது. இரண்டு தரம் எண்ணிப் பார்த்திட்டுத்தான் அன்ரிக்குச் சொன்னவர். அடுத்த நாள் விடிய வலை போட்டிச்சினம்.

மூண்டு நாள் கழிச்சு எங்கட வீட்டு வாசலில ஒரு யூட், பின்னுக்குத் திறந்த சின்ன லொறி, வந்து நிண்டது. டேரல். கையில ஒரு ஐஸ்பெட்டி. மனுசன் செருப்பும் போடாமல் ஓடிப்போய் ஒரே ஒரு சொல்லுத்தான் கேட்டார். "அம்மா?"

"சாப்பிட்டவ" எண்டார் டேரல். "கையால பிச்சுச் சாப்பிட்டவ. நேற்றுக் காலமை போயிட்டா."

மனுசன் அப்பிடியே படியில இருந்திட்டார். டேரலும் பக்கத்தில இருந்தார்.

"ஏன் பிந்தினது எண்டு அம்மா கேட்டவ. நான் உங்களைப் பற்றிச் சொன்னன். நான் கொண்டுபோனது இரண்டு மீன். ஒண்டை மூடி வைக்கச் சொன்னா. 'எண்ணினவருக்குக் குடு. அவர் இன்னும் சாப்பிட்டிருக்கமாட்டார்' எண்டவ."

என்ர மனுசன் இரண்டு கிழமைக்கு மேல ஒழுங்காச் சாப்பிடேல்லை எண்டது எனக்கு மட்டும்தான் தெரியும் எண்டு நினைச்சிருந்தனான். நான் அந்த மீனை வாங்கி, அழுதுகொண்டே கழுவி, மூண்டு பேருக்குமாப் பொரிச்சன்.