கஞ்சித் துணி கட்டிய ஜாடி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பன்னிரண்டு வயதில் அடுத்தவர் தறியில் நின்றேன். இன்றைக்குச் சங்கரன்கோவிலில் என் கொட்டகையில் இருபத்து நான்கு தறி ஓடுகிறது. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். கடன் சொல்லிக் கால் பிடித்து வந்ததில்லை, கையால் வந்தது.

எனக்குக் கற்றுக்கொடுக்க மாட்டேன் என்று சொன்னவர்களிடமிருந்துதான் எல்லாவற்றையும் கற்றேன். வைன் போடவும் அப்படித்தான் கற்றேன். சொல்ல மாட்டேன் என்றவர் என் சம்பந்தி.

அவர் வாசுதேவநல்லூர்க்காரர். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னமும் எதிரே உட்கார்ந்திருப்பவன் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிற ஆள். மகளை அந்த வீட்டில் கொடுத்த பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு, முறுக்கு, அதிரசம், புதுத்துணி என்று காரின் பின்னால் நிறைத்துக்கொண்டு நானும் என் மனைவியும் போனோம். வந்திருந்த உறவுக்கெல்லாம் அவர் வீட்டில் போட்ட திராட்சை வைனை, கட்டைவிரல் அளவுக் கண்ணாடி கிளாஸில் ஆளுக்கு ஒன்று என்று ஊற்றிக் கொடுத்தார். சர்ச்சில் நற்கருணை கொடுக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

நல்ல மனதோடுதான் கேட்டேன், இது எப்படிப் போடுவது என்று. அவர் என்னைப் பார்க்கவில்லை. சுற்றியிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்.

"அண்ணாச்சி, இது தறி இல்ல, சுவிட்ச தட்டினா ஓடுததுக்கு. இதுக்குக் கொஞ்சம் படிப்பு வேணும்."

எல்லாரும் சிரித்தார்கள். என் மகள் கேக் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் தலை குனிந்ததை நான் பார்த்தேன். அந்த வீட்டில் அவளுக்குப் பெயரே 'தறிக்காரர் மக'தான் என்று அதற்கு முன்பே என் காதுக்கு வந்திருந்தது.

"அடுத்த கிறிஸ்துமஸுக்கு எங்க வீட்டு ஜாடியில இருந்து கொண்டு வாரேன், சார்வாள். குடிச்சுப் பாத்துட்டு நீங்களே மார்க் போடுங்க" என்றேன்.

மறுநாளே மகள் போன் போட்டாள். வேண்டாம் என்றாள். "நல்லா வரலன்னா உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாவ யப்பா. வருசம் பூரா நாந்தான் கேட்டுக்கிட்டு இருக்கணும்." அதெல்லாம் நன்றாக வரும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்துப் பழக்கமில்லை.

எங்கள் ஊர் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் ரதவீதியில் நாவல்பழம் குவித்து விற்பார்கள். திராட்சையில் போட்டால் அது அவர் வைன். என்னுடையது வேறாக இருக்க வேண்டும் என்று ஒரு கூடை நாவல்பழம் வாங்கினேன். செய்முறையை வாசித்துச் செய்கிற ஆள் இல்லை நான். போனில் வீடியோ போட்டால் ஒரு மலையாளத்துப் பெண் செய்து காட்டினாள். அவள் பேசியது பாதி புரியவில்லை. வாயைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன். தறியையும் நான் அப்படித்தான் படித்தேன்.

பழத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கொட்டை உடையாமல் கையாலேயே பிசைந்தேன். கொதித்து ஆறிய தண்ணீர், சர்க்கரை, இரண்டு பட்டை, நாலு கிராம்பு, ஒரு பிடி கோதுமை. பேக்கரியில் கேட்டு வாங்கிய ஈஸ்ட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். ஊறுகாய் போடுகிற பெரிய பீங்கான் ஜாடியில் முக்கால் அளவுக்கு மேல் போகவிடவில்லை. பொங்கும், இடம் வேண்டும். மூடியை இறுக்கக் கூடாது, துணியால் வாயைக் கட்டி வைத்தால் போதும் என்று அவள் கை காட்டியது. துணிக்கு நான் எங்கே போக? தறியிலிருந்து அன்றைக்கு இறங்கிய துணியில் ஒரு முழம் கிழித்துக் கட்டினேன். பழம் எவனோ விளைவித்தது, துணியாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று.

இரண்டாம் நாளே ஜாடி பேச ஆரம்பித்துவிட்டது. காதை வைத்தால் புசுபுசுவென்று சத்தம். தினமும் காலையில் துணியை அவிழ்த்து, மரக்கரண்டியால் கிண்டி, மறுபடி கட்டுவேன். ஒரு வாரம் நல்ல வாசனை. ஒன்பதாம் நாள் அவிழ்த்தால், துணியின் உள்பக்கமெல்லாம் பச்சையும் கறுப்புமாகப் பூசணம். உதிர்ந்து பழத்தின் மேலும் விழுந்து படர்ந்திருந்தது.

அன்றைக்கு நான் பேசாத பேச்சில்லை. பேக்கரிக்காரரிடம் போய்ப் பழைய ஈஸ்ட்டைத் தலையில் கட்டிவிட்டாய் என்று கடை வாசலில் நின்று ஏசினேன். என் மனைவி ஈரக்கையோடு ஜாடியைத் தொட்டாள் என்று அவளை ஏசினேன். அவள் அந்தப் பக்கமே போனதில்லை. சம்பந்தி வீட்டு வயிற்றெரிச்சல்தான் இது என்றுகூடச் சொன்னேன். அவள் ஜாடியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லையில் கவிழ்த்தாள்.

என் கொட்டகையில் தார் சுற்றுகிற பெண் ஒருத்தி உண்டு. ஊடைநூலைக் குச்சியில் சுற்றிக் கொடுப்பதுதான் அவள் வேலை. வாய் நீளம், அதற்காக இரண்டு தடவை வேலையை விட்டு நிறுத்தி, இரண்டு தடவையும் நானே கூப்பிட்டிருக்கிறேன். கொல்லையில் கிடந்த துணியைக் காலால் புரட்டிப் பார்த்தாள்.

"மொதலாளி, துணிய அலசாமயா கட்டுனிய?"

புதுத்துணியை எதற்கு அலச வேண்டும் என்றேன்.

"பாவுக்குப் போட்ட கஞ்சி அப்படியே இருக்குல்லா. மாவும் ஈரமும் சேந்தா பூக்காம என்ன செய்யும்? நாப்பது வருசமா கஞ்சில கிடக்கிய, இது தெரியலையாக்கும்."

தறியில் இழை அறாமல் இருக்கப் பாவுநூலுக்குக் கஞ்சி போட்டுத்தான் ஓட்டுவோம். வாங்குகிறவனிடம் 'அலசிக் கட்டுங்கள்' என்று என் வாயாலேயே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். உலகத்தில் வேறு எவன் வைன் போட்டாலும் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டியிருப்பான். தறி வைத்திருக்கிற ஒருவனுக்குத்தான் இந்தப் புத்தி வரும். அவளைப் போய் வேலையைப் பார் என்று விரட்டினேன். பேக்கரிக்காரரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு மாதம் அங்கேயே ரொட்டி வாங்கினேன், அவருக்குப் புரிந்திருக்கும்.

அதற்குள் நாவல்பழக் காலம் முடிந்துவிட்டது. மலையடிவாரத்திலிருந்து பெருநெல்லி வருகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். இந்தத் தடவை துணியைக் கொதிக்க வைத்து, அலசி, வெயிலில் உலர்த்திக் கட்டினேன். நெல்லிக்காயைக் கீறிப் போட்டு, துவர்ப்புக்குச் சர்க்கரையைக் கொஞ்சம் கூட்டினேன். இருபத்தொரு நாள் கழித்து வடிகட்டி, மண்டி கீழே தங்கும்வரை அசைக்காமல் வைத்து, தெளிவை மட்டும் பாட்டிலில் ஊற்றினேன். தேன் நிறம். முதல் மடக்குக்கு நாக்கைப் பிடிக்கும், பிறகு தொண்டையில் இனிக்கும். யாரும் சொல்லித் தரவில்லை, நானே போட்டது.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு பாட்டில் கொண்டுபோனேன். சம்பந்தி ஒரு வாய் குடித்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் அவருடைய தம்பி, சொந்தத் தம்பி, கிளாஸை இன்னொரு தடவை நீட்டினார். பிறகு அந்தத் தம்பியின் மனைவி. பிறகு மற்றவர்கள். சம்பந்தியின் திராட்சை வைன் மேஜையில் மூடி திறக்காமல் நின்றது.

"பரவால்ல. முதல் முயற்சிக்குப் பாஸ் மார்க் போடலாம்" என்றார் அவர்.

"ஒங்க பாட்டில ஒருத்தரும் தொடலையே, சார்வாள். அதுக்கு எத்தன மார்க்?"

ஒரு வருஷமாகக் காத்திருந்த எனக்கு அந்த ஒரு கணம் போதுமாக இருந்தது. அவர் காது சிவந்ததை நின்று நிதானமாகப் பார்த்தேன்.

கை கழுவப் பின்பக்கம் போனபோது மகள் அங்கே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் நிமிரவில்லை.

"நீங்க ஜெயிச்சுட்டு வண்டி ஏறிப் போயிருவிய. சாயங்காலம் இந்த வீட்டுக்குள்ள இருக்கப் போறது நானு. ஒங்க ரெண்டு பேருக்கும் ஜாடிதான் கண்ணுல தெரியுது. என்னய யாருக்கும் தெரியல."

அவளுக்காகத்தான் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அது முழு உண்மை இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கூடத்துக்குத் திரும்பிப் போனேன். சம்பந்தியின் பாட்டிலை நானே திறந்து, சின்ன கிளாஸில் இல்லை, தண்ணீர் டம்ளரில் ஊற்றி, எல்லார் முன்னாலும் ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

"இதுக்கு முன்னால நம்மது நிக்காது, சார். இது கைப்பழக்கம்" என்றேன்.

அவர் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு சாண் உயர்ந்தார். உடனே எழுந்து, ஈஸ்ட் எவ்வளவு, எத்தனை நாள் என்று தாமாகவே பாடம் எடுக்க ஆரம்பித்தார். அரை மணி நேரம். நானும் தெரியாதவன் போலத் தலையாட்டினேன். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மகள் உள்ளே வந்து, "மாமா, காப்பி குடிக்கியளா" என்று அவரைக் கேட்டாள். அவர், "குடும்மா, ஒங்க அப்பாவுக்கும் கொண்டா" என்றார். அந்த வீட்டில் அவளை 'அம்மா' போட்டு அவர் கூப்பிட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான்.

என் வாழ்நாளில் இன்னொருத்தனை உயர்த்த நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அவர் வைன் வெறும் இருமல் மருந்து.