ஸமத் பாஸ் திறக்காத பில்டர்

மாத்தளையில் என்ஜின் பழுது பார்க்கும் பாஸ்மார் பலர் இருந்தார்கள். அப்துல் ஸமத் பாஸுக்கு மட்டும் ஒரு பிடிவாதம்: எடுத்த வேலையை முடிக்காமல் எழும்பமாட்டார். அவர் மனைவி ஹிதாயா ஆக்கிவைத்த சோறு எத்தனையோ நாள் காத்திருந்து காய்ந்திருக்கிறது. இன்னொரு குணமும் உண்டு. தான் பூட்டிய நட்டில் பிழை இருக்கும் என்று அவர் கனவிலும் நினைக்கமாட்டார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மா சொன்னதல்ல.

எழுபத்து மூன்றாம் வருடம். இறக்குமதி நின்று, உதிரிப்பாகம் கேட்டால் கடைக்காரர்கள் சிரித்தே அனுப்பிவிடும் காலம். உக்குவளையில், மின்சாரக் கம்பி எட்டாத ஓர் ஒழுங்கையில், மங்களேஸ்வரி கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டி வைத்திருந்தாள். கணவன் இறந்தபின் அவளாகத் தொடங்கிய தொழில். பெட்டிக்குச் சூடு பல்புகளால். பல்புக்கு மின்சாரம் ஒரு பழைய டீசல் ஜெனரேட்டரால்.

அன்று காலை அவள் ஆள் அனுப்பியபோது உள்ளே முந்நூறு முட்டைகள், பதினெட்டாம் நாள். இன்னும் மூன்றே நாளில் குஞ்சு. ஜெனரேட்டரோ, ஏற்றத்தில் திணறும் தம்புள்ளை லொறி மாதிரி, ஒருமுறை அலறுவதும் மறுமுறை அடங்குவதுமாக இருந்தது. அலறும்போதெல்லாம் ஒரு பல்பு எரிந்துபோனது. மிச்சம் நான்கு பல்பு. ஊரில் பல்பும் கிடையாது.

"அரை மணித்தியாலத்துக்கு மேல நிப்பாட்ட முடியாதுங்க பாஸ். முட்டை குளிர்ந்துடும்," என்று சொல்லிவிட்டுப் பெட்டிமேல் கம்பளியைப் போர்த்தினாள்.

பாஸ் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரில் கை வைத்தார். கழற்றி, கழுவி, சுருள்கம்பியைச் சரிபார்த்து, எண்ணெய் விட்டுப் பூட்டினார். என்ஜினை முடுக்கினால் பழையபடி அலறல். ஒரு பல்பு போனது. பெட்டி சூடேறும்வரை பொறுத்திருந்து மறுபடி நிறுத்தினார். டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கும் என்று காற்றை எடுத்தார். பத்து நிமிடம் சீராக ஓடியது. அவர் கை துடைப்பதற்குள் மறுபடி அலறியது. இரண்டாவது பல்பும் போனது.

நிறுத்தி வைத்தால் சரியாகிறது, ஓட ஓடத் திணறுகிறது என்றால் டீசல் போதாமல்தான் வருகிறது. ஒரு கற்றுக்குட்டிக்கும் விளங்கும். பாஸ் மறுபடி கவர்னருக்கே போனார். எனக்கு அவர்மேல் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

டீசலை வடிக்கும் பில்டரை அவர் தொடவே இல்லை. மங்களேஸ்வரி அதைச் சுட்டிக்காட்டிக் கேட்டாள்.

"அது நான் செஞ்சது தங்கச்சி," என்றார்.

"அதனாலதாங்க கேக்குறேன்."

பாஸ் கவர்னரை விட்டுவிட்டுப் பில்டர்பக்கம் நகர்ந்தார். மூன்று வாரத்துக்கு முன் பழைய பில்டர் மக்கிப்போனபோது, புதியது எங்கும் கிடைக்காமல், தன் நிக்காஹுக்கு அணிந்த சிவப்புத் துருக்கித் தொப்பியை வெட்டித்தான் அதைச் செய்திருந்தார். ஹிதாயா ஒரு நாள் முழுதும் பேசவில்லை. ஊரெல்லாம் மெச்சியது. மெச்சினால் போதாதா, மனிதன் கண்ணை மூடிக்கொள்ள.

அவர் பில்டரைத் திறந்தார். தொப்பித் துணி ஊறிப் பருத்து, கசண்டு அப்பிச் சேறாகியிருந்தது. சொட்டுச் சொட்டாகத்தான் டீசல் கசிந்தது. அவர் முகம் கறுத்துப்போனது. வெட்கத்தால்தான், வேறொன்றுமில்லை.

"பிழை என்னோடது தங்கச்சி," என்றார்.

மா கிடைக்காமல் சும்மா கிடந்த கோதுமை மாப் பை ஒன்றை அவள் கொண்டுவந்தாள். அதைத் துவைத்து, அடுப்பருகே காயவைத்து, மடித்துச் சுற்றிப் பூட்டினார். என்ஜின் ஒரே குரலில் ஓடியது. அவர் வீட்டுக்குப் போகவில்லை. அஸர் தொழுகையையும் அங்கேயே முடித்துவிட்டு, பொழுது சாயும்வரை என்ஜின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். மிச்சமிருந்த இரண்டு பல்பும் நின்று எரிந்தன.

இருபத்தோராம் நாள் தானாகவே வந்தார். பெட்டி முழுக்கக் கீச்சென்று சத்தம். அதைப் பார்க்காமல், பொரிக்காத முட்டைகளைக் காட்டச் சொன்னார். நாற்பதுக்கு மேல் இருந்தன. தட்டருகில் வெகுநேரம் நின்றார். அவள் அவரைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை.

"அடுத்த தடவை முட்டை வைக்கிறப்பவும் நீங்கதான் வரணும் பாஸ்," என்றாள்.

வந்தார். வந்ததும் என்ஜினைச் சுற்றிக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்து, தான் பூட்டிய பில்டரை முதலில் கழற்றினார்.