பக்கத்தகடு

நல்ல தேக்குப் பலகைகளைக் கழற்றி அடுப்பெரிக்க அனுப்பிய ஆள் நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரியவந்தால், முட்டாள் என்பதோடு மறைத்தவன் என்ற பெயரும் சேர்ந்துவிடும். எனக்கு முதல் பெயரே போதும், பழகிவிட்டது.

அந்தப் பலகைகள் என் பிக்கப்பு வண்டியின் பின்புறத்தில், லோடு வைக்கும் இடத்துக்கு இரு பக்கமும் அடைப்பாக நின்றவை. மலையில் ஏதோ ஒரு தோட்டத்துத் துரை விட்டுவிட்டுப் போன வண்டி அது. கை மாறிக் கை மாறி, எழுபதுகளின் கடைசியில், போடியில் கணக்கு வாத்தியாராக இருந்த என்னிடம் வந்து சேர்ந்தது. கணக்கு வாத்தியாருக்குப் பிக்கப்பு எதற்கு என்று என் மனைவி கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான் இன்றுவரை விடை எழுதவில்லை.

வண்டியின் முன்பெட்டியில் ஒரு பழைய புகைப்படம் கிடந்தது. தொப்பி போட்ட துரை வண்டியில் சாய்ந்து நிற்கிறார். அவருக்குப் பின்னால் அடைப்பு முழுக்க இரும்புத் தகடு. அளவுகோல் வைத்து இழுத்த கோடு மாதிரி, ஒரு சுருக்கம் இல்லை, ஒரு ஆணி தெரியவில்லை. அதைப் பார்த்ததும் பலகை எனக்குக் கேவலமாகத் தெரிந்தது. நேர்கோட்டைக் கரும்பலகையில் போட்டுப் போட்டே வயிறு வளர்த்தவனுக்கு, ஒரு நேர்கோட்டுக்குச் சொந்தக்காரனாகும் ஆசை வந்ததில் என்ன தப்பு? பலகைகளைக் கழற்றினேன். ஊர் எல்லையில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோர் வைத்திருந்தார். அடுப்புக்கு ஆகும் என்று அங்கே அனுப்பிவிட்டேன்.

அதே வாரத்தில்தான் மேலே காற்றும் மழையுமாக அடித்து, மாமனாரின் ஸ்டோர் கூரையோடு சரிந்தது. போடிமெட்டுக்குப் பக்கத்தில் அவருக்கு ஏலத்தோட்டம். முதல் எடுப்புக்கு, அதாவது முதல் பறிப்புக்கு, காய் செடியில் நிற்கிறது. பறித்த பச்சைக்காயை அன்றைக்கே ஸ்டோரில் ஏற்றிவிட வேண்டும். சாக்கில் கிடந்தால் சூடேறி வெளுத்துப்போகும். வெளுத்த காயை ஏலம் விடும் இடத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்த எடுப்பை நம்பித்தான் மாமனார் கடைசிப் பெண்ணின் கல்யாணத்தைப் பேசி வைத்திருந்தார்.

"ஜீப்பு ஒண்ணும் காலி இல்ல மாப்ளே. எல்லாவனும் எடுப்புல இருக்கான்" என்று எங்கள் வீட்டு வாசலில் நின்றபடியே சொன்னார்.

"என் வண்டி எதுக்கு மாமா இருக்கு? சனிக்கிழமை வந்து நிப்பேன். காயை நம்ம தெரிஞ்சவர் ஸ்டோர்லயே காயப்போட்டுருவோம்" என்றேன். அப்போது என் வண்டியின் பின்பக்கத்தில் தரை மட்டும்தான் இருந்தது. அதை நான் சொல்லவில்லை. உள்ளேயிருந்து என் மனைவி தலையை நீட்டி என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

தகட்டு வேலைக்குப் போடியில் நான் கண்ட ஒரே ஆள், ட்ரங்குப் பெட்டி செய்யும் பாய். கடை வாசலில் ஒரு தண்டவாளத் துண்டைக் கிடத்தி, அதன்மேல் தகட்டை வைத்து மரச் சுத்தியலால் தட்டி மடிப்பார். ஏழடி நீளத் தகடு இரண்டை அப்படித்தான் மேல்விளிம்பு மடித்துக் கொடுத்தார். ஆங்கிள் இரும்பில் சட்டமும் தயார்.

"ரிவிட்டு அடிச்சு, நடுவுல நாலு வரி போட்டுருவோம் வாத்தியாரே. பெட்டி மூடில பாத்திருப்பீங்கள்ல, புடைப்பா ஓடும். அது இருந்தாத்தான் வெறுந்தகடு நிக்கும்."

"ட்ரங்குப் பெட்டியா பாய் செய்யிறோம்? வரியும் வேணாம், ரிவிட்டும் வேணாம். வெல்டிங் வைப்போம். வழவழன்னு இருக்கணும்" என்று புகைப்படத்தைக் காட்டினேன்.

பாய் படத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "துரை நல்லா இருக்காரு" என்று திருப்பிக் கொடுத்தார்.

வெல்டிங் பட்டறையில் நானே கூட நின்றேன். விட்டு விட்டு வைக்கிறேன் என்ற வெல்டரை, இடையில் நிறுத்தாமல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே ஓட்டமாக இழுக்கச் சொன்னேன். கோடு அழகாகத்தான் வந்தது. தகடு ஆறும்போது உள்ளேயிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். நடுவில் வயிறு தள்ளியிருந்தது. உள்ளங்கையால் அமுக்கினேன். உள்ளே போய் அந்தப் பக்கம் வயிறு தள்ளியது. இரண்டு தகடும் இதே கதை.

வெள்ளிக்கிழமை, வயிற்றுவலி என்று பள்ளிக்கு லீவு எழுதிவிட்டு, அதிகாலையிலேயே இரண்டையும் பாய் கடையில் கிடத்தினேன். வயிற்றுவலி பொய் என்று சொல்ல முடியாது. பாய் பெட்டி வேலையை முடித்துக்கொண்டு பதினொன்றரைக்குத்தான் என் பக்கம் திரும்பினார். விரலால் தடவிப் பார்த்தார்.

"ஜும்மா தொழுகை முடிச்சிட்டு வெரசா வந்துர்றேன். அதுவரைக்கும் சுத்தியலத் தொட்டுறாதீங்க."

அவர் தெரு முனை திரும்பும்வரை தொடவில்லை.

மறுநாள் காலையில் நான் மலையில் இருக்க வேண்டும். பாய் வர ஒன்றரை மணி நேரமாவது ஆகும். மேடாக இருப்பதைத் தட்டினால் சமமாகும், இதற்கு எதற்குப் பெட்டிக்காரர்? வலப்பக்கத் தகட்டை எடுத்தேன். மேட்டைத் தட்டினேன். மேடு ஒரு சாண் நகர்ந்தது. அங்கே போய்த் தட்டினேன். இரண்டாகப் பிரிந்தது. இரண்டையும் துரத்தித் துரத்தித் தட்டினேன். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. எதிர்க்கடையில் சாமான் வாங்க வந்தவர்கள் வாங்கிய பிறகும் போகாமல் நின்றார்கள். பாய் தொப்பியோடு வந்து நின்றபோது, சோற்றுப்பானையைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரே வயிறாக அது உப்பியிருந்தது.

பாய் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அடிக்க அடிக்கத் தகடு நீளும் வாத்தியாரே. நாலு பக்கமும் கட்டிப் போட்டிருக்கு, நீளுறது எங்க போகும்? வயித்தத்தான் தள்ளும்."

ஒரு நாளைக்கு ஐந்து பீரியட் பரப்பளவு நடத்துகிறவன் நான்.

"இப்ப என்ன பாய் செய்ய?"

"நீங்க தொடாதது ஒண்ணு இருக்குல்ல, அதக் கொண்டாங்க."

இடப்பக்கத் தகட்டில் மழுங்கிய உளியை வைத்து, சாயங்காலம் வரை நாலு வரி ஓட்டினார். அது விறைத்து நின்றது. பார்க்கப் பெரிய ட்ரங்குப் பெட்டிதான், ஆனால் நேராக நின்றது. வலப்பக்கத்துக்கு வழியில்லை. வேறு தகடு மதுரையிலிருந்து வரவேண்டும். உப்பிய தகட்டையே மாட்டினோம்.

"எறக்கத்துல வளைவெல்லாம் ஒரே பக்கமா இருந்தா பொழச்சுக்குவீங்க" என்றார் பாய்.

சனிக்கிழமை தோட்டத்தில் சாக்குகளை ஏற்றும்போது தூறல். மாமனார் வண்டியைச் சுற்றி வந்து, வலப்பக்கத் தகட்டை விரல் முட்டியால் தட்டினார். அது வெகுநேரம் பாடியது.

"என்ன மாப்ளே, இது மாசமா இருக்கு?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இதுல பழைய பலகை இருந்துச்சே? அதக் கொண்டாந்திருந்தா முட்டுக் குடுக்கலாம்ல."

"ஒருத்தருக்கு அவசரமா வேணும்னு குடுத்துட்டேன் மாமா."

அடுப்புக்கு எப்போதும் அவசரம்தான். அவர் வேறு கேட்காமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஏறினார். சாக்குக்கும் வலப்பக்கத் தகட்டுக்கும் நடுவே உட்கார்ந்து, முதுகைத் தகட்டிலும் கால்களைச் சாக்கிலும் கொடுத்தார். "நீங்க ஓட்டுங்க."

வண்டியின் பின்ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. அந்த ஓட்டை வழியாக அவர் மூச்சு விடுவதுகூட என் பிடரியில் கேட்டது. வண்டி இடப்பக்கம் திரும்பும் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மொத்த லோடும் வலப்பக்கம் சாயும். தகடு 'டுங்' என்று வெளியே தள்ளும். வளைவு முடிந்ததும் 'டொக்' என்று உள்ளே வரும். டுங்குக்கும் டொக்குக்கும் நடுவில் மாமனார் இருந்தார். நான் மாட்டு வண்டி வேகத்துக்கு இறங்கினேன்.

"மாப்ளே, சாக்குக்குள்ள கைய விட்டுப் பாத்தேன். சூடு ஏறுது."

கொஞ்சம் விரட்டினேன். டுங்.

"மெதுவா, மெதுவா!"

மெதுவாகப் போனேன்.

"சூடாகுது மாப்ளே!"

வேகமாகப் போனால் சாக்கு போகும். மெதுவாகப் போனால் காய் போகும். இரண்டும் போகாத வேகம் ஒன்று இருக்கும், கணக்கில். நான் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு பஸ் ஹாரன் அடித்தது. ஒதுங்குவதற்காகச் சடாரென்று இடப்பக்கம் ஒடித்தேன். பின்னால் துணி கிழிவது போல ஒரு சத்தம். என் அழகான வெல்டிங் கோடு ஒரு முழ நீளத்துக்குப் பிரிந்திருந்தது. பிரிந்த இடத்தில் ஒரு சாக்கு பிதுங்கி, பஸ் கடந்துபோன ரோட்டில் விழுந்து உருண்டு, செடிகளை ஒடித்துக்கொண்டு எதிர்ப்பக்கப் பள்ளத்தில் போவது கேட்டது.

நான் பிரேக்கில் காலை வைத்தேன்.

"ஒண்ணு போச்சு. நிக்காதீங்க, போங்க" என்றார் ஓட்டை வழியாக. குரல் உயரவில்லை. என் கழுத்தை நான் திருப்பவே இல்லை. மீதி வளைவுகளை எப்படி இறங்கினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சட்டைப்பையில் துரையின் படம் நனைந்து மார்போடு ஒட்டியிருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

பொழுது சாயுமுன் ஸ்டோரில் இறக்கினோம். மாமனார் இறங்கும்போது முதுகைப் பிடித்துக்கொண்டார். அடியில் கிடந்த சாக்குகளைக் காயவைக்கும் தட்டில் கொட்டும்போது ஆவி வந்தது. அவர் அதைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை, பள்ளிக்கூடம் போகுமுன் இரண்டு பேரும் ஸ்டோருக்குப் போனோம். அடுப்புக்காரர் தட்டுகளை இழுத்துக் காட்டினார். அடிச்சாக்குக் காய் கொஞ்சம் வெளுத்திருந்தது. மற்றதெல்லாம் கிளிப்பச்சை. மாமனார் ஒரு கை அள்ளி மோந்து பார்த்தார். இரண்டு நாளில் முதல் முறையாக அவர் முகம் இளகியது. கல்யாணம் நடக்கும். பள்ளத்தில் போன ஒரு சாக்கு போக மீதி தப்பியது. நேரம் பார்த்து, வண்டியைப் பற்றி ஏதாவது நல்லதாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

அடுப்புக்காரர் முந்திக்கொண்டார். "எல்லாம் நம்ம வாத்தியாரு குடுத்துவிட்ட தேக்குப் பலகைதாண்ணே. மழைக்கு நனைஞ்ச வெறகெல்லாம் பொகையத்தான் செஞ்சுச்சு. அத வச்சப்புறந்தான் நின்னு எரிஞ்சுச்சு. இன்னும் இருந்தா குடுங்க வாத்தியாரே."

மாமனார் என்னைப் பார்த்தார். வெளியே நின்ற வண்டியைப் பார்த்தார். கையிலிருந்த காயை ஒவ்வொன்றாகத் தட்டில் திரும்பப் போட்டுவிட்டு அடுப்புக்காரரிடம் சொன்னார்:

"பலகை தீந்துபோச்சுப்பா. வேணும்னா அந்தத் தகரத்தத் தரச் சொல்றேன், எரியுமான்னு பாரு."